இயர்பிளக் பெட்டியில் அச்சிட்ட 38 டெசிபலுக்கு ஆதாரம் கேட்டு ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: சிலிக்கான் இயர்பிளக்கின் முனை காதுக்குள் கழன்று சிக்கியது, பெட்டியில் உள்ள ஒலிக்குறைப்பு அளவுக்குச் சோதனை அறிக்கை கோருதல், பணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையக் கடையில் 799 ரூபாய் கொடுத்து வாங்கிய, கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கப்படும், சத்தம் கேட்காமல் இருக்கக் காதுக்குள் செருகும் மூன்றடுக்கு சிலிக்கான் இயர்பிளக் பற்றிய புகார் இது. பில், கழன்ற பாகத்தின் படங்கள், இ.என்.டி. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே உங்கள் சாட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இது சுகாதாரப் பொருள், திரும்பப் பெற இயலாது. சரியான முறையில் அணிந்து பார்க்கவும்" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று அந்த உரையாடலை முடித்தும் விட்டார்கள். தீரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. செவிலியர். மாதத்தில் பாதி நைட் டூட்டி. அயனாவரத்தில் தோழிகளோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இருக்கிறேன். டூட்டி முடித்து வந்து குளித்துப் படுக்க ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் வீடு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தி ஜவுளிக்கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் குக்கர் வைப்பாள், சட்னிக்கு மிக்ஸி போடுவாள். இன்னொருத்தி டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவள்; வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும்.

இவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் பிழைப்பு அவரவருக்கு. என் தூக்கத்துக்காக ஒரு வீடே மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. சட்டம்கூட என் பக்கம் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. பகலில் தூங்குகிறவர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லியிருக்கிறது. பகலின் 55க்கும் இந்த 30க்கும் நடுவே கிடக்கிற இடைவெளியை என்னைப் போன்றவர்கள் காதுக்குள் எதையாவது வைத்துத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் உங்கள் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் '38 டெசிபல்', அதற்குக் கீழே 'முழு நிசப்தம்'. எந்த முறையில் அளந்தது, எந்த ஆய்வகம், எந்தத் தரநிலை என்று ஒரு வரி இல்லை. சத்தம் எவ்வளவு குறைகிறது என்பதை அமெரிக்க முறையில் அளந்தால் அந்த எண்ணுக்குப் பெயர் என்.ஆர்.ஆர்., ஐரோப்பிய முறையில் அளந்தால் எஸ்.என்.ஆர். ஒரே இயர்பிளக்குக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும். என்.ஆர்.ஆர். கணக்கில், பஞ்சாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படுத்துகிற பேர்போன ஃபோம் இயர்பிளக்குகளே 33இல் நின்றுவிடுகின்றன. உங்களுடையதைப் போன்ற மூன்றடுக்கு வகைக்கு நல்ல கம்பெனிகள் 25, 27 என்றுதான் போடுகின்றன. நீங்கள் போட்ட 38 எங்கிருந்து வந்தது? நம் நாட்டிலேயே காதுப் பாதுகாப்பு சாதனங்களுக்கு ஐ.எஸ். 9167 என்ற தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவில் இ.என். 352 இருக்கிறது. இரண்டில் ஒன்றின் பெயராவது பெட்டியில் இருந்திருக்க வேண்டாமா?

ஆய்வகத்தில் வரும் எண் வீட்டில் அப்படியே கிடைக்காது என்பதையும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் 1998லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லியது: உருட்டிப் போடும் ஃபோம் வகை என்றால் அச்சிட்ட எண்ணில் பாதியைக் கழிக்க வேண்டும், மற்ற இயர்பிளக் என்றால் 70 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் 38 உண்மையான என்.ஆர்.ஆர்.தான் என்று வைத்துக்கொண்டாலும் கைக்கு வருவது 11 சொச்சம். மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் அது எந்த மூலைக்கு?

'முழு நிசப்தம்' என்பது உடம்பின் அமைப்புக்கே பொருந்தாத வாக்கு. காதுத் துளை வழியாக மட்டும் நாம் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி உட்செவிக்குப் போகிறது. துளையை எவ்வளவு இறுக அடைத்தாலும் 40, 50 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாததற்கு அதுதான் காரணம். இதே விளம்பரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: 'அலாரமும் குழந்தையின் அழுகையும் மட்டும் கேட்கும்.' முழு நிசப்தத்தில் அலாரம் எப்படிக் கேட்கும்? ஒரு சிலிக்கான் துண்டுக்கு எது குழந்தையின் அழுகை, எது குக்கர் விசில் என்று எப்படித் தெரியும்? அதை நம்பி ஒரு தாய் பிள்ளையைப் பக்கத்து அறையில் படுக்க வைத்துவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்று எழுதியவர் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும். எனக்கு இந்த வரியைப் பார்த்துத்தான் அதிகம் கோபம் வந்தது.

அடுத்து, 'சரியான முறையில் அணியவும்' என்ற அறிவுரை. எனக்குக் காதின் அமைப்பு தெரியும். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால்தான் துளை நேராகும், இயர்பிளக் உள்ளே உட்காரும். அப்படித்தான் போட்டேன். உங்கள் துண்டுத்தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காதில் இயர்பிளக் இருப்பது போல ஒரு படம், 'மெதுவாகச் செருகவும்', அவ்வளவுதான். அளவும் ஒன்றே ஒன்று, 'எல்லாருக்கும் பொருந்தும்' என்ற குறிப்போடு. பெண்கள் பலருக்குத் துளை சிறியது. ஒரே ஆளுக்கே இடதும் வலதும் வேறுபடும். எனக்கு வலது காதில் கடைசி அடுக்கு வெளியிலேயே நின்றது. ஒருக்களித்துப் படுத்தால் தண்டு தலையணையில் அழுந்திக் காதுக்குள் குத்தும். ஓரத்தில் சிறு இடைவெளி விழுந்தாலும் முதலில் நுழைவது தாழ்ந்த ஒலிகள்தான். தோழி படிக்கும் குரல் மங்கியது, மோட்டாரின் உறுமல் குறையவே இல்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் பணம் போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு நாள் மாலை எழுந்து வலது காதில் இருந்ததை வெளியே இழுத்தபோது பிளாஸ்டிக் தண்டு மட்டும் கையோடு வந்தது. மூன்றடுக்கு முனை உள்ளே தங்கிவிட்டது. தண்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. முனை வழுக்காமல் பிடித்து நிற்க ஒரு விளிம்போ, பள்ளமோ, பசையின் தடமோ கிடையாது. சும்மா செருகி வைத்திருக்கிறார்கள். கழுவிக் கழுவி சிலிக்கான் கொஞ்சம் தளர்ந்ததும் கழன்றுவிட்டது. வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் கழுவச் சொன்னது உங்கள் துண்டுத்தாள்தான்.

பதறிப் போன தோழி சட்டென்று ஊக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். எடுக்க விடவில்லை. எனக்குத் தெரிந்ததால் விடவில்லை. தெரியாத ஒருவர் ஊக்கோ ஹேர்பின்னோ விட்டுக் குடைந்திருந்தால் முனை இன்னும் ஆழமாகப் போயிருக்கும், செவிப்பறையே கிழிந்திருக்கலாம். இ.என்.டி. மருத்துவர் கருவியால் பார்த்து, ஃபோர்செப்ஸ் இடுக்கி போட்டு எடுத்தார். துளையின் தோலில் சிராய்ப்பு. சொட்டு மருந்து கொடுத்து, புண் ஆறும்வரை காதில் எதையும் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். நைட் டூட்டி வாரத்தின் நடுவில் இது நடந்தது. அதற்குப் பிறகு பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு புரண்டதுதான் மிச்சம். என் தூக்கம் கெட்டால் அது என்னோடு நிற்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு, நோயாளியின் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோராட்ரினலின் மருந்து ஓடுகிற பம்ப்பில் மணிக்கு எத்தனை மில்லி என்று சரிபார்ப்பது இதே கண்கள்தான்.

பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முழு முகவரி, இறக்குமதி என்றால் எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கிறது, ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. செய்த நாடும் மாதமும் இல்லை. எந்தத் தொகுப்பில் கோளாறு என்று நாளை நீங்களே தேடினாலும் கண்டுபிடிக்க வழி வைக்கவில்லை.

சுகாதாரப் பொருள் என்பதால் திரும்பப் பெற மாட்டோம் என்ற விதி, பிரித்துப் பார்த்துவிட்டு மனம் மாறியவருக்குப் பொருந்தலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் காதில் வைத்ததை இன்னொருவருக்கு விற்கக் கூடாதுதான். என் புகார் அது அல்ல. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்பப் பெறவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

எனக்கு 799 ரூபாயும், பில்லோடு இணைத்துள்ள மருத்துவர் கட்டணமும் மருந்துச் செலவும் வர வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமானது 38 டெசிபலுக்கான சோதனை அறிக்கை. இருந்தால் ஆய்வகத்தின் பெயரோடு, எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு குறைந்தது என்ற அட்டவணையோடு அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த எண்ணையும் 'முழு நிசப்தம்', 'அலாரமும் குழந்தையின் அழுகையும் மட்டும் கேட்கும்' என்ற வரிகளையும் பெட்டியிலிருந்தும் தளத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். தண்டின் அமைப்பைச் சரிசெய்யும்வரை இந்த மாடலை விற்காதீர்கள். வாங்கியவர்களின் செல்போன் எண்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. தள்ளுபடி என்றால் தவறாமல் செய்தி அனுப்புகிறீர்கள். முனை கழன்று உள்ளே சிக்கலாம், சிக்கினால் குடையாமல் மருத்துவரிடம் போங்கள் என்று அதே எண்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். என்னைப் போல வீட்டைப் பங்குபோட்டு வாழ்கிற பெண்கள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள் என்று உங்கள் விளம்பரப் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக எழுதுவேன்.

தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் அழையுங்கள். கழன்ற முனையும் தண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வுக்கு வேண்டுமென்றால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட ரசீது கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அயனாவரம், சென்னை