உருக்காலை அப்பாவுக்கு லக்சம்பர்க்கிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தம்பி சொன்னான், தயவுசெய்து மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏற விடாதீர்கள். போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடும் ஒரே நாடாகிவிட்டதா, இல்லை தெற்காசிய நாடுகளின் சார்க் மாதிரி கூடிப் பேசிவிட்டுக் கலைகிறார்களா என்று கேட்டீர்கள். இரண்டுமே இல்லை. ஆனால் இந்த ஒன்றியம் தொடங்கியதே உங்கள் எஃகுத் தொழிலில்தான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் குடியிருக்கும் எஸ்ச் ஒரு பழைய இரும்பு ஊர். இங்கே பெல்வால் என்ற பகுதியில் உலைகளை அணைத்த பிறகும், இரும்புத்தாதை உருக்கும் இரண்டு ஊதுலைகளை இடிக்காமல் அப்படியே நிறுத்தி, சுற்றிலும் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு அகலமான துருப்பிடித்த குழாய்கள், அதற்குக் கீழே பையன்களும் பெண்களும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். நம் சேலம் உருக்காலையில் ஊதுலை கிடையாது, நீங்களும் தகடு உருட்டும் கோல்டு ரோலிங்கிலேயே இருந்தவர், இதைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டீர்கள்.

ஜெர்மனியும் பிரான்சும் 70 வருஷத்துக்குள் மூன்று பெரிய போர்களில் மோதியவை. போருக்கு வேண்டியது நிலக்கரியும் எஃகும். இந்த இரண்டையும் தனித்தனி அரசுகளின் கையில் விடாமல் பொதுவான ஓர் அமைப்பின் கீழ் வைத்துவிட்டால் இன்னொரு போருக்கு யாரும் தனியாகத் தயாராக முடியாது என்று 1950 மே 9ஆம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் சொன்னார். அடுத்த வருஷம் பாரிஸில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்று ஆறு நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எஃகுக்கான பொதுச் சந்தை திறக்கும்போது, 1953 ஏப்ரல் 30 அன்று, முதல் வார்ப்பை எடுத்தது இதே பெல்வாலில்தான், அந்த அமைப்பின் தலைவர் ழான் மோனே நேரில் வந்திருந்தார். தங்களை அழித்த பொருளை வைத்தே சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

இப்போது தினப்படி எப்படி இருக்கிறது என்றால், என் பக்கத்து சீட்டுக்காரி பிரான்சில் தியோன்வில்லிலிருந்து ரயிலில் வந்து போகிறாள், எதிரில் உட்காரும் பெரியவர் ஜெர்மனியில் ட்ரியரிலிருந்து வருகிறார். இவர்களைப் போல தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல், ஒன்றியத்து நாடுகளின் குடிமக்கள் யாருக்கும் வேலைக்கென்று தனி அனுமதி வேண்டாம். ஆனால் எனக்கு அந்த உரிமை இல்லை அப்பா. நான் பிரான்சுக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம், அங்கே வேலை பார்க்க வேண்டுமென்றால் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். எல்லையைத் திறந்து வைப்பதும் நிலையானது கிடையாது. எல்லைச் சோதனைகளை நீக்க 1985இல் ஒப்பந்தம் போட்ட ஷெங்கன் இந்த நாட்டில் ஒரு சின்ன கிராமம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி, அந்த ஜெர்மனியே 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை போட ஆரம்பித்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். லக்சம்பர்க்கின் மொத்த ஜனத்தொகையே 7 லட்சத்துக்குக் கீழ், நம் சேலம் மாநகராட்சியை விடக் குறைவு. ஜெர்மனியில் 8 கோடிக்கு மேல். தலையெண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த நாடு இருக்கிற இடமே தெரியாது. ஆனால் 720 பேர் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 இடம், லக்சம்பர்க்குக்கு 6. சின்ன நாட்டுக்கு அதன் பங்கை விட அதிகமாகவே கொடுக்க வேண்டும் என்று விதியே அப்படி. அமைச்சர்கள் கூடும் இன்னொரு அவையில் பெரும்பாலான சட்டங்களுக்கு இரண்டு அளவுகோல்: குறைந்தது 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் மொத்த மக்களில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து ஊரை நடத்த முடியாது, சின்னவர்கள் கூட்டம் சேர்ந்து பெரியவரை அமுக்கவும் முடியாது. வரி, வெளியுறவு போன்றவற்றில் மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஆகும், அதனால்தான் ஹங்கேரி மாதிரி ஒரு நாடு பலமுறை முட்டுக்கட்டை போட முடிந்தது. இழுபறிதான், ஆனாலும் இழுத்து உட்கார்ந்து பேசுகிறார்களே.

தொகுதி மறுவரையறை பற்றி அங்கே நடக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன். 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் நாடாளுமன்ற இடப் பங்கீட்டை எடுத்துவிட்டு ஜனத்தொகையை மட்டும் வைத்துப் பிரித்தால், குடும்பக்கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த நம் மாநிலத்தின் பங்கு குறையும். நம் நாட்டிலேயே ஜிஎஸ்டி கவுன்சிலில் சின்ன மாநிலம், பெரிய மாநிலம் எல்லாவற்றுக்கும் ஒரே எடை உள்ள ஓட்டுதானே, அப்படி யோசிக்க நமக்குத் தெரியாமல் இல்லை. இங்கே பிரிட்டன் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி 2020 ஜனவரி 31ஆம் தேதி வெளியேறியது. போக வழி இருந்தும் மற்ற 27 நாடுகள் சேர்ந்தே இருப்பதற்கு, தன் குரலுக்கும் எடை உண்டு என்ற நம்பிக்கை ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், ஏற்காட்டு மாமாவிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். காடழித்த நிலத்தில் விளைந்த காபியை உள்ளே விடமாட்டோம் என்று 2023இல் இவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அந்த நிலத்தில் காடு அழிந்திருக்கக் கூடாது, எந்தத் தோட்டத்துக் கொட்டை என்பதற்கு இருப்பிடக் குறியீடு, அதாவது மேப்பில் அந்த இடத்தைக் காட்டும் எண்கள், காட்ட வேண்டும். அமலாக்கத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். மாமா வியாபாரியிடம் போடுகிற கொட்டை எந்த நாட்டுக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாது இல்லையா, வியாபாரி நாளைக்குத் திடீரென்று கேட்பார். தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே அனுப்பி, தோட்டத்து எல்லையைப் போனில் குறித்து, பட்டா நகலோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நிழல் மரங்களோடு சேர்த்து நாலு போட்டோவும் தேதியோடு எடுக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. பதிலை மெயிலில் போடாமல் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள் மகள்