பல்லைக் கடிக்காதே, தம்பி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

பணம் வந்து சேர்ந்தது. எப்போதும் அனுப்பும் அதே தொகை. அனுப்பாமல் இருந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. என் பென்ஷன் இருக்கிறது, அம்மாவின் கோழிகளும் இருக்கின்றன.

நீ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாயாம். கடைவாய்ப் பல் தேய்ந்துபோய், டாக்டர் ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்திருக்கிறாராம். மருமகள் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். நீ சொல்லவில்லை. பரவாயில்லை. உறையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள். பல்லின் கெட்டியான மேலோடுதான் எனாமல். அதை உண்டாக்கும் செல்கள், பல் ஈறுக்கு வெளியே வரும்போதே அழிந்துவிடும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

உனக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? செம்பனைக் காட்டில் ஆந்தைப் பெட்டிக்குக் கீழே கிடக்கும், ஆந்தை கக்கிய உருண்டைகளை உடைத்து, எலி மண்டையோடுகளை மைலோ டின்னில் சேர்த்தவன் நீ. அதன் முன்பல் ஏன் ஆரஞ்சு நிறம் என்று கேட்டு என்னைத் தூங்கவிடவில்லை. எனாமலில் இரும்பு இருக்கிறது, அதனால்தான். எலியின் முன்பல் சாகும்வரை வளரும். முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல், பின்பக்கம் சீக்கிரம் தேயும், அதனால் கடிக்கக் கடிக்கக் கூராகும். எலி கடிக்கலாம். நீ கடிக்கக் கூடாது.

முதலைக்கு விழ விழ முளைக்கும். அது பிடித்து விழுங்குகிற பிராணி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவேண்டிய அவசியமில்லை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சின்னஞ்சிறு பாலூட்டிகள் பல்லோடு பல் பொருத்தி மெல்ல ஆரம்பித்தன. பொருத்தம் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அடிக்கடி பல் மாற்ற முடியாது. அதனால்தான் நமக்குப் பால்பல் ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை, அவ்வளவுதான். பிறகு வந்த கடைவாய்ப் பல்லில், உரலில் உலக்கை இறங்குவதுபோல் மேல்பல்லின் முனை கீழ்ப்பல்லின் குழியில் இறங்கியது. வெட்டவும் நசுக்கவும் ஒரே பல். பூனை அதில் வெட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டது. நாமும் குரங்கும் நசுக்குவதை வைத்துக்கொண்டோம்.

குதிரைக் கதை ஞாபகம் இருக்கிறதா? 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இலை தின்ற குட்டைப் பல் பிராணி. புல்வெளி பரவியது. புல்லில் சிலிக்கா, கூடவே மண்ணும் தூசியும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் நெட்டைப் பல் குதிரைகள் வந்தன. வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். ஆனால் குட்டைப் பல்லோடு இலையையே தின்ற குதிரைகளும் பல பத்து லட்சம் ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்தன. எல்லோரும் ஒரே மேய்ச்சலுக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

பசியாறாமல் இருக்காதே. ராத்திரி காப்பி வேண்டாம். உறையைப் போட்டுக்கொள்.

"பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் உடனே எடுக்கிறானே, வேலை நேரம் இல்லையா?" என்று அம்மா கேட்டாள். சிங்கப்பூரில் இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை என்றேன். சரிதானே?

கோயிலில் யார் விசாரித்தாலும் உன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போனவன், சொல்லத்தான் செய்வேன். அதற்காக நான் சொன்னதையெல்லாம் நீ கட்டிக் காக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவது அப்பனுக்குக் கடைசியில் தெரிவதுதான் எனக்குப் பிடிக்காது. அதையும் கோபமாக எழுதவில்லை.

அடுத்த மாதம் பணம் போடாதே. மருமகளோடு கொஞ்ச நாள் இங்கே வந்து இரு. தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டோம். ஈப்போ வரைக்கும் பஸ் எடு, நான் காரோடு வந்து நிற்கிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்.

அப்பா