செத்த காதும் உயிருள்ள காதும்

பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள குணசேகரா,

உன் கடிதம் கிடைத்தது. செவிப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஆனால் தேக்கா உணவங்காடியில் எதிரே அமர்ந்திருக்கும் மனைவியின் பேச்சே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். ஆயுள் முழுக்கக் காதை ஆராய்ந்தவன் நண்பனாக இருந்து என்ன பயன் என்றும் கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

1981இல் நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது எனக்குக் கற்பித்தது செத்த காதைப் பற்றித்தான். ஹங்கேரியில் அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பேக்கேசி, இறந்தவர்களின் உட்செவியை எடுத்து, அதிர்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மிக உரத்த ஒலியைச் செலுத்தி, நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள் ஒலி ஓர் அலையாக ஓடுவதை நுண்ணோக்கியில் கண்டார். 1961இல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் கண்டது உண்மை. ஆனால் அந்த அலையின் முகடு மிக அகலமானது. நாகஸ்வரக்காரரின் சுருதி இம்மி விலகினாலும் தவிலோடு அமர்ந்திருக்கும் நீ முகம் சுளிப்பாயே, அதை அந்த அகன்ற அலையைக் கொண்டு விளக்க முடியாது.

திரவத்துக்குள் அதிர்வு விரைவில் மங்கிவிடும், ஆகவே காது தானே ஆற்றல் சேர்த்து அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அப்படியானால் காதிலிருந்து ஒலி வெளியே வரவும் கூடும் என்று தாமஸ் கோல்டு 1948இலேயே வாதிட்டார். அதற்கு அன்று காது கொடுத்தவர்கள் குறைவு. அவரும் வானியலுக்குப் போய்விட்டார். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுக்குள் ஒரு 'டிக்' ஒலியைச் செலுத்தி, சில மில்லிநொடிகள் கழித்துக் காதே திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்தார்.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஒலி என் பதிவிலும் வந்தது. நான் அதை ஒலிவாங்கியின் இரைச்சல் என்று எண்ணி நீக்கிக்கொண்டே இருந்தேன்! இரண்டு மாதம் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதே கருவியை ஓர் உலோகக் குழாயில் பொருத்தியபோது அந்த ஒலி வரவே இல்லை. அன்றுதான் நம்பினேன். காக்ளியாவுக்குள் நுண்ணிய உரோமம் போன்ற இழைகள் கொண்ட செல்கள் உள், வெளி என இரு வகை. அவற்றில் வெளி உரோமச் செல்கள் மின்னழுத்தத்துக்கேற்ப நீண்டு சுருங்குவது 1985இல் தெரிந்தது. கோல்டு சொன்ன ஆற்றலைச் சேர்த்து அலையின் முகட்டைக் கூர்மையாக்குபவை இவைதான். அந்த நீட்சிக்கும் சுருக்கத்துக்கும் காரணமான புரதத்தை 2000இல் கண்டறிந்து, மேலை இசையின் துரித நடைக்குரிய சொல்லை ஒட்டிப் 'பிரெஸ்டின்' என்று பெயரிட்டார்கள்.

இனி உன் காதுக்கு வருகிறேன். உனக்குச் செய்தது, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை. ஒலியை மூளைக்கு உணர்த்தும் உள் உரோமச் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 3,500தான். ஒவ்வொன்றோடும் பத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகள் இணைந்திருக்கின்றன. 2009இல் எலிகளுக்கு உரத்த இரைச்சலைக் கேட்கச் செய்து பார்த்தபோது, இரண்டு வாரங்களுக்குள் கேட்கும் திறன் அளவில் பழைய நிலைக்கு வந்துவிட்டது, செல்களும் பிழைத்திருந்தன, ஆனால் காக்ளியாவின் ஒரு பகுதியில் அந்த இணைப்புகளில் பாதியளவு அழிந்திருந்தன. அமைதியில் ஒரு மெல்லிய ஒலியைக் கேட்க எஞ்சியவையே போதும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கப் போதாது என்பது எங்களில் பலருடைய ஊகம்.

முப்பது ஆண்டுகள் தவில் வாசித்த உனக்கும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வயதோடு இந்த இணைப்புகள் குறைவதை இறந்தவர்களின் காதுகளில் எண்ணிக் கண்டிருக்கிறார்கள். உயிரோடிருப்பவரிடம் உறுதியாக அளக்க இன்னும் வழி அமையவில்லை. சுற்றி வந்து மறுபடியும் செத்த காதின் முன்தான் நிற்கிறோம், பார்.

அடுத்த முறை, இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்டுச் சொல்லும் பரிசோதனையைச் செய்யும்படி கேள். கோழிக்குக் கெட்டுப்போன உரோமச் செல்கள் மீண்டும் முளைக்கும், நமக்கு முளைக்காது. ஆகவே பேரன் தவில் பழகும்போது காதடைப்பான் இல்லாமல் உட்காரவிடாதே. நீ அன்று அதைக் கேலி செய்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தேக்கா வேண்டாம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வா. அந்த நேரத்தில் அங்கே குயிலைத் தவிர யாரும் சத்தம் போடுவதில்லை.

அன்புடன்,
மாணிக்கம்