நிலவறைத் தளத்தில் அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கான்கிரீட் தளம் போடும் கொத்தனார். புது வீட்டு நிலவறையில் தளம் போடும்போது, இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கலவையில் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். வீடு கட்டுவோர் தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். கூடுதல் நீர் வலுவைக் குறைக்கும், விரிசலை வரவழைக்கும்.

கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்த சற்று நேரத்தில் மேலே நீர் ஊறி மினுமினுக்கும். அது வற்றும்வரை கரணை படக்கூடாது. பலர் அதன்மேல் சிமெண்டைத் தூவித் தேய்த்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பளபளக்கும், பிறகு பெருக்கப் பெருக்க மாவாக உதிரும். நிலவறையில் காற்றோட்டம் குறைவு, வற்ற நேரமாகும். காத்திருக்கத்தான் வேண்டும். மினுமினுப்பு அடங்கி, மிதித்தால் காலடி கால் அங்குலத்துக்கு மேல் பதியாத பக்குவத்தில்தான் நான் கரணையை எடுப்பேன்.

மண்ணின் ஈரம் ஏறாதிருக்க அடியில் பாலித்தீன் விரிப்பு அவசியம். 10 செ.மீ. கனத் தளமென்றால் விரிசல் கண்டபடி ஓடாதிருக்கச் சுமார் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு (தளத்தின் மேல் கீறும் நேர்கோட்டுப் பள்ளம்), கனத்தில் கால்பங்கு ஆழத்தில், மறுநாளைக்குள் போட்டுவிட வேண்டும். பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காயக்கூடாது. ‘உள்ளேதானே இருக்கிறது, வெயிலா படப்போகிறது’ என்று இதைக் கைவிடும் வீடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்