பத்து நிமிடம்தானா என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செம்மறி ஆடுகளை ஓட்டிச் சேர்க்க நாய்களைப் பழக்கும், வேல்ஸ் மலைச்சரிவில் உள்ள நம் பண்ணைக்கு முதல் வகுப்புக்கு வருபவர்கள் பாதிப்பேராவது கேட்டுவிடுகிறார்கள்: "இவ்வளவு தூரம் வந்து பணமும் கட்டினோம், நாயைப் பத்து நிமிடம்தானே ஆட்டிடம் விட்டீர்கள்?"

நியாயமான கேள்விதான். முதன்முதலாக ஆட்டைப் பார்க்கும் நாய்க்கு உடம்பு களைக்கும் முன் புத்தி களைத்துவிடும். அப்புறம் அது யோசிக்காது, துரத்தும். துரத்தி ருசி கண்டுவிட்டால் மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒருமுறை உரிமையாளர் கெஞ்சினாரே என்று பெரிய வயலில் விட்டோம். ஆடுகள் வேலி தாண்டின. அவற்றைத் தேடிச் சேர்ப்பதற்குள் இருட்டிவிட்டது. அதனால்தான் சின்னப் பட்டி, நாய்க்குப் பழகிய நாலைந்து ஆடுகள், பத்து நிமிடம், ஓய்வு, மறுபடி பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் பார்ப்பது ஒன்றுதான்: கடிக்கப் பாய்கிறதா, வளைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறதா? ஆடுகள் நடுவில், நீங்கள் இந்தப் பக்கம், நாய் அந்தப் பக்கம் என்று தானாகவே நின்றால் பிறவிக்குணம் இருக்கிறது. மிச்சம் உங்கள் பாடம். நாய்க்கு இடும் கட்டளைகளில் 'கம் பை' என்றால் ஆடுகளைக் கோயிலை வலம் வரும் திசையில் சுற்றுவது, 'அவே' என்றால் அதற்கு எதிர்த்திசையில். பதற்றத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்வது நீங்கள்தான், நாய் இல்லை! நாயைப் பார்த்துக் கத்தாமல் ஆட்டைப் பார்த்து நில்லுங்கள்.

போட்டி எப்போது என்கிறீர்களா? பக்கத்துப் பாலா ஊரில் 1873இல் நடந்த போட்டியில் வென்ற ட்வீட் என்ற நாயும் ஒரே நாளில் பழகியிருக்காது. பெரிய போட்டிகளில் வளைந்தோடி ஆடுகளின் பின்னால் சேர 20 புள்ளி, அவற்றை முதல் அடி எடுக்கவைக்க 10, உங்களிடம் கொண்டுவர 20, விலக்கி ஓட்டிப்போக 30, மந்தையிலிருந்து சிலதைப் பிரிக்க 10, பட்டியில் அடைக்க 10. நடுவர் புள்ளி போடுவதில்லை, தவறுக்குத் தவறு கழித்துக்கொண்டே வருவார். அந்த முதல் அடிக்குப் பத்துதான் என்றாலும், அதில் ஆடு மிரண்டால் பின்னால் வரும் எல்லாமே கெடும். சின்னப் பட்டியில் பழக்குவது அதைத்தான்.

ஒரு வேண்டுகோள். வருமுன் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சலில் விழுந்தால் ஆட்டின் மூளை வரை போய்விடும். மருந்துச்சீட்டை வாசலிலேயே கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சேற்றுக்கு உயரமான ரப்பர் பூட்ஸ் அவசியம்.

அன்புடன்,
பண்ணைப் பயிற்சியாளர்கள்