முகாம் குழந்தைகளையும் பயனாளிகளாக ஏற்றுப் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு மானியம் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
நிர்வாகக் குழுவினர்,
மாற்றுத்திறன் குழந்தைகள் பகல்நேரப் பராமரிப்பு மையம்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: மானியத் தகுதிப் பட்டியலிலிருந்து முகாம் குழந்தைகள் நீக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த எங்கள் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புறவழிச்சாலைப் பாலத்துக்குக் கீழே, பழைய நெல் கிடங்கை ஒட்டியுள்ள முகாமைத் தாங்கள் அறிவீர்கள். புதிய வீடுகளைப் பார்வையிட வந்தபோது எங்கள் மையத்தின் வாசலைக் கடந்துதான் சென்றீர்கள். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள முகாம் குழந்தைகளும் சுற்றுக் கிராமத்துக் குழந்தைகளும் இங்கே ஒன்றாகத்தான் வருகிறார்கள். முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது; பதில் கிடைக்கவில்லை. எனவே மீண்டும் பணிந்து எழுதுகிறோம்.

1. மானியம் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பரிசீலனையின்போது "இந்தியக் குடிமக்கள் அல்லர்" என்று முகாம் குழந்தைகள் அனைவரின் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். மிஞ்சிய கிராமத்துக் குழந்தைகளை எண்ணிப் பார்த்து, குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை என்று மையத்தையே தள்ளிவிட்டார்கள். ஆக, குடியுரிமை உள்ள குழந்தைகளுக்கும் ஒன்றுமில்லை.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தில் குடியுரிமையைப் பற்றிப் பேசவே இல்லை. நீண்டகாலக் குறைபாட்டைத்தான் பேசுகிறது. இச்சட்டத்தின்கீழ் நிறுவனப் பதிவுக்கான விண்ணப்பத்தின்மீது 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் முதலில் எங்கள் தரப்பைக் கேட்டு, பிறகு எழுத்துமூலம் மறுக்க வேண்டும் என்கிறது 51-ஆம் பிரிவு. எங்கள் விண்ணப்பத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தாலாவது மேல்முறையீடு செய்திருப்போம்.

3. கட்டடம். உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என நான்கு வேண்டும். உரிமம் கேட்டால் பட்டாவோ குத்தகைப் பத்திரமோ கேட்கிறார்கள். முகாம் நிலம் அரசு நிலம். அதற்கு நாங்கள் எங்கே போய்ப் பத்திரம் எழுதுவது? இந்த இழுபறியில் ஓராண்டு மட்டுமே செல்லுபடியாகும் தீயணைப்புச் சான்று காலாவதியாகிறது, மறுபடியும் முதலிலிருந்து.

4. ஐயா, மற்றதெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடுவோம். சமாளிக்க முடியாதது இயன்முறைச் சிகிச்சை. சம்பளம் தர முடியாததால் தினமும் வந்த சிகிச்சையாளர் இப்போது வாரம் ஒருமுறைதான் வருகிறார். தசை விறைப்புள்ள குழந்தைக்குக் கெண்டைக்கால், தொடையின் பின்தசை, இடுப்பு ஆகியவற்றைத் தினமும் மெல்ல இழுத்துப் பிடித்து நீட்ட வேண்டும். நிற்கும்போது உடலைத் தாங்கும் ஸ்டாண்டிங் ஃபிரேமில் நிறுத்த வேண்டும். விட்டால் எலும்பு வளரும், தசை அதற்கு ஈடாக நீளாது. முதலில் குதிகால் தரையைத் தொடாமல் போகும். போன வருடம் அளவெடுத்த கணுக்கால் தாங்கி இந்த வருடம் பொருந்தாது. வேறு வழியின்றி அதையே இறுக்கிக் கட்டினால் கணுக்கால் எலும்பின்மேல் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். புண் ஆறும்வரை தாங்கியும் போட முடியாது. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் அப்புறம் பயிற்சி மட்டும் போதாது, அறுவைச் சிகிச்சை வரை போகும். அந்தச் செலவும் அரசு மருத்துவமனையில் அரசின் தலையில்தானே விழும்? ஒரு சிகிச்சையாளரின் சம்பளத்தை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்? தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், செய்கிறார்கள். ஆனால் காலை ஆறு மணிக்குக் கட்டட வேலைக்கோ பெயின்ட் வேலைக்கோ போகிறவர் எத்தனை நேரம் செய்வார்? கோப்பு மேசையில் காத்திருக்கலாம், வளரும் கால் காத்திருக்காது. குடியுரிமை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு தசை இறுகாமல் இருக்குமா, ஐயா?

5. வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்புகள் முன்பு கொஞ்சம் கொடுத்து உதவின. அப்படிக் கைமாற்றக் கூடாது என்று 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் கதவும் மூடியாயிற்று.

6. முகாமில் வசிப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். மாதந்தோறும் வருவாய்த் துறையே தணிக்கை நடத்தித் தலை எண்ணிப் பணக்கொடை தருகிறதே, அந்தப் பதிவேட்டில் இந்தக் குழந்தைகளின் பெயர் இல்லையா? 2021-இல் ரூ.317.40 கோடியில் முகாம்களுக்குத் திட்டம் அறிவித்து வீடு கட்டித் தந்த அரசுக்கு, அந்த வீட்டுக்குள் இருக்கும் குழந்தை மட்டும் கண்ணில் படாதா? இங்கேயே பிறந்த குழந்தைகள். 1987 ஜூலை முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரைப் பார்த்துத்தான் குடியுரிமை என்பதால் அவர்கள் இந்தியரும் இல்லை. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஆகவே, மறுவாழ்வுத் துறை வழங்கிய அடையாள அட்டையையும் தணிக்கைப் பதிவேட்டையும் வசிப்பிடச் சான்றாக ஏற்கவும், குத்தகைப் பத்திரத்துக்குப் பதிலாக முகாம் கட்டடத்தைப் பயன்படுத்தத் தடையின்மைச் சான்று வழங்கவும், நீக்கிய பெயர்களைச் சேர்த்து மானியத்துக்குப் பரிந்துரைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எல்லாவற்றுக்கும் நாளாகும் என்றால் சிகிச்சையாளர் சம்பளத்துக்கு மட்டுமாவது தங்கள் விருப்ப நிதியிலிருந்து உடனே வழி செய்யுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவினரும் பெற்றோரும்

இணைப்பு: பதிவுச் சான்று, தணிக்கையாளர் அறிக்கை, குழந்தைகள் பட்டியல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.