அந்த வெள்ளிக்கிழமை பறையை எங்களுக்குக் கொடுங்கள்

ஹூஸ்டனில் நம் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கு,

வணக்கம். ஏப்ரலில் வந்த அழைப்புக் கடிதம், மூன்று கூட்டங்களில் அது தள்ளிப்போன விதம், போன வாரம் வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட அறிவிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். ஜூன் 19 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோடை பிக்னிக், அங்கே பறைக்குழு வாசிக்கும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதே காலையில் கறுப்பர்கள் பகுதியான தேர்ட் வார்டில், அடிமைகள் விடுதலையானதைக் கொண்டாடி நடக்கிற ஜூன்டீன்த் ஊர்வலத்துக்கு, அதே பறைக்குழுவைத்தான் அங்குள்ள ஒரு தேவாலயத்தார் அழைத்திருந்தார்கள். அவர்களுக்கு இன்று வரை நம்மிடமிருந்து ஒரு வரி பதில் போகவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பிக்னிக்கை மறுநாள் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை பறைக்குழு ஊர்வலத்துக்குப் போகட்டும்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "அது அவங்க விழாங்க. நமக்கு என்ன சம்பந்தம்?" இன்னொருவர், "அந்த ஏரியாவுக்குக் குழந்தைங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த உறுத்தல்தான் இந்த மடல்.

பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கால்வெஸ்டன் கடற்கரைக்கு வண்டியைத் திருப்பாத குடும்பம் நம்மில் எது? அந்தக் கால்வெஸ்டனில்தான் 1865 ஜூன் 19 அன்று, அடிமைகள் எல்லோருக்கும் விடுதலை என்று வடக்குப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சரின் ஆணை வெளியானது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் இருந்த சுமார் இரண்டரை லட்சம் அடிமைகளுக்கு அது இரண்டரை வருடம் எட்டவில்லை. எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நடுவில் இரண்டு பருத்தி அறுவடை முடிந்திருந்தது. விடுதலை என்று சொன்ன அந்த ஆணையே, இருக்கிற இடத்தில் அமைதியாக இருந்து பழைய எஜமானரிடமே கூலிக்கு வேலை செய்யுங்கள் என்றும் புத்தி சொன்னது.

இந்த நாளை யாரும் அவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. விடுதலையாகி ஏழே வருடத்தில், 1872-இல், கொண்டாட ஓர் இடம் வேண்டும் என்று ஹூஸ்டனில் போதகர் ஜாக் யேட்ஸும் மற்றவர்களும் சுமார் 1,000 டாலர் திரட்டிப் பத்து ஏக்கர் வாங்கினார்கள். அதுதான் எமான்சிபேஷன் பார்க், விடுதலைப் பூங்கா. தேர்ட் வார்டில் இன்றும் இருக்கிறது. ஹூஸ்டன்காரரான சட்டமன்ற உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸ் போராடி 1979-இல் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் டெக்சாஸில் அது அரசு விடுமுறை. நாடு முழுவதற்கும் விடுமுறையானது 2021-இல். நாம் பிக்னிக் போவதற்கு வசதியாக வந்திருக்கும் நீண்ட வார இறுதி அப்படி வந்ததுதான்.

போன வருடம் ஜூன்டீன்த் அன்று நானும் என் மகளும் அந்தப் பூங்காவுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், எங்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஐஸ் பெட்டியிலிருந்து ஸ்ட்ராபெரி சோடா எடுத்துக் கொடுத்தார். தர்பூசணியும் கொடுத்தார். எல்லாமே சிவப்பாக இருக்கிறதே என்று மகள் கேட்டாள். "முன்னோர் சிந்திய ரத்தத்தை நினைக்கத்தான் கண்ணு" என்கிற மாதிரி அவர் மெதுவாகச் சொன்னார். தன் அம்மா சிறுமியாக இருந்தபோது, கறுப்பர்கள் உள்ளே போக முடிந்த ஒரே நகரப் பூங்கா இதுதான் என்றார். மகள் போனில் எங்கள் பறைக்குழுவின் வீடியோவைக் காட்டினாள். முழுசாகப் பார்த்துவிட்டு, தாளத்துக்கு முழங்காலில் விரல் தட்டியபடி, "இதை ஏன் இங்கே கொண்டுவரவில்லை?" என்று கேட்டார். அடுத்த வருடம் கொண்டுவருகிறோம் என்று என் மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை கொடுத்த வாக்கு. அழைப்புக் கடிதம் வந்ததே அந்தப் பாட்டி தேவாலயத்தில் பேசியதால்தான்.

"அவங்க விழா" என்று சொன்னவர் வீடு ஷுகர்லேண்டில் இருக்கிறது. என் வீடும் அங்கேதான். 2018-இல் நம் ஊர்ப் பள்ளி நிர்வாகம் புதுக் கட்டடத்துக்கு மண் தோண்டியபோது என்ன வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 95 பேரின் எலும்புகள். ஒருவர் பெண், மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். மிகச் சிறியவருக்கு வயது பதினான்கு இருக்கலாம் என்றார்கள். தசைகள் முறுக்கேறும் அளவுக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள், உடம்பு தேறும் அளவுக்குச் சாப்பாடு போடவில்லை. இரண்டையும் எலும்பே சொன்னது. அடிமை முறை ஒழிந்த பிறகு இறந்தவர்கள் அவர்கள். அடிமைத்தனத்தை ஒழித்த பதின்மூன்றாவது சட்டத்திருத்தம், குற்றத்துக்குத் தண்டனை என்றால் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு சந்து விட்டுவைத்தது. வேலையில்லாமல் சுற்றினான் என்றுகூடப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கைதிகளைக் கரும்புத் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே பிணங்கள் இருக்கின்றன, தேடுங்கள் என்று ரெஜினால்ட் மூர் என்ற மனிதர் வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார். மண்ணைத் தோண்டிய பிறகுதான் அவர் சொன்னதை நம்பினார்கள். நம் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து ஓடுகிற ஊர் அது. சம்பந்தம் இல்லையா?

அப்புறம் என் சொந்த விஷயம் ஒன்று. இதைச் சங்கத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தாத்தா மன்னார்குடிப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். அம்மா வாசல் தெளிக்கச் சாணி கரைத்தால் தாத்தா பேசாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். வாடை அடங்கிய பிறகுதான் திரும்பி வருவார். சின்ன வயதில் எனக்குக் காரணம் புரியவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது தண்டனையாகச் சாணியைக் கரைத்து, சாணிப்பால் என்று புகட்டியிருக்கிறார்கள் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1843-லேயே அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று எழுதிவிட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று பண்ணையார்களிடம் மன்னார்குடியில் ஒப்பந்தம் வாங்க 1944 ஆனது. இடையில் நூறு வருடம். கால்வெஸ்டன் கதையை முதல்முதலில் கேட்டபோது எனக்கு அது வேற்றுநாட்டுக் கதையாகப் படவில்லை. எழுதின விடுதலை வந்து சேரத் தாமதமாகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்த விஷயம்.

பறை விஷயமும் அதுதான். 1739-இல் தென் கரோலைனாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த மறுவருடமே அவர்கள் கையிலிருந்து மேளத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். நம் ஊரில் ஒரு சாதியின் கையில் மேளத்தைத் திணித்து, சாவுக்கு அடி, கூலி கேட்காமல் அடி என்றார்கள். இன்று அதே பறையை நம் குழந்தைகள் பட்டு உடுத்தி மேடையில் அடிக்கிறார்கள், நாம் கை தட்டுகிறோம், தமிழனின் ஆதி இசை என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமை உண்மையானால், அந்த மேளம் போக வேண்டிய இடம் பொட்லக் பிரியாணிப் பந்தலா, அந்த ஊர்வலமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாடகர் வந்தால் விமான நிலையத்துக்கு ஐந்து கார் போகிறது. இருபது நிமிட ஓட்டத்தில் இருக்கிற தேர்ட் வார்டுக்கு ஒரு கார் போக நமக்குப் பயம். இந்தியாவிலிருந்து வருடத்துக்கு நூறு பேர் என்று இருந்த குடியேற்ற ஒதுக்கீட்டை உடைத்த 1965 சட்டம், கறுப்பர்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூட்டில் வந்தது. நம்மில் முதலில் வந்தவர்கள் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான். அவர்கள் பகுதியை "அந்த ஏரியா" என்று நம் பிள்ளைகள் காதுபடச் சொல்கிறோம். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது.

சரி, கேட்டதற்கே வருகிறேன். பிக்னிக்கைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். பூங்கா அலுவலகத்தில் நானே விசாரித்தேன், சனிக்கிழமை பந்தல் காலியாக இருக்கிறது. கட்டண வித்தியாசம் இருந்தால் நான் தருகிறேன். ஊர்வலத்துக்கு வர விரும்பாதவர்களை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. பறைக்குழுவில் பதினான்கு பேரில் பதினொரு பேர் வரத் தயார், பெற்றோர் சம்மதமும் வாங்கியாயிற்று. எது எப்படியானாலும், தேவாலயத்துக்கு இந்த வாரத்துக்குள் தயவுசெய்து ஒரு பதில் எழுதுங்கள். இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்கள்.

சங்கத்தின் பறைகள் என் வீட்டு கராஜில்தான் இருக்கின்றன. ஜூன் மாதப் புழுக்கத்தில் தோல் தொய்ந்துவிடும், வாசிக்கும் முன் அனலில் காட்டிக் காய்ச்ச வேண்டும். வைக்கோலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர்வலம் பத்து மணிக்கு என்றால் நாங்கள் ஏழரைக்கே கிளம்ப வேண்டியிருக்கும். சங்கத்தின் பொருளைச் சங்கத்தின் அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த அனுமதியைக் கொடுங்கள்.

அன்புடன்,
பறைக்குழுவில் ஒரு குழந்தையின் அப்பா